முகத்தைத் தேடிய ஓவியர்

யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள வேலணைத் தீவுக்கு ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்டமையை நேயர்கள் அறிவர். அப்பெயருக்குரிய மூல நகரம் ஒல்லாந்து தேசத்தில் உள்ளது. அந்நகரிலே 1606ஆம் ஆண்டில், மாவரைக்கும் ஆலைக்காரர் ஒருவரின் மகனாகத் தோன்றியவர் றெம்பிரான்ட் என்னும் ஓவியர். மரமும் வானும் அவர் தூரிகைக்குப் புறம்பல்ல. எனினும், எதை வரைந்தபோதும் மனித முகத்துக்கே அவர் உள்ளம் மீண்டு வந்தது.

இளமையில் தம் முகத்தையே அவர் பாடநூலாகக் கொண்டார். கண்ணாடியின் முன் நின்று சிரித்தார், சினந்தார், திகைத்தார். அவ்வக் கணத்தின் சாயலைச் செப்புத் தகட்டிலே கீறினார். தெருவில் இரந்து நின்றோரையும் அதே ஊக்கத்துடன் வரைந்தார். 1630இல் கீறிய இரவலன் ஒருவனுக்குத் தம் முகத்தையே கொடுத்தார்.

அக்காலத்துச் சங்கத்தார் தம்மைக் கூட்டமாக வரைவித்து மண்டபங்களில் மாட்டுவது வழக்கம். பெரும்பாலும் முகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். றெம்பிரான்ட் 1632இல் அம்ஸ்ரடாம் நகரத்து அறுவை வைத்தியர்களை வரைந்தபோது அவ்வரிசையைக் கலைத்தார். வைத்தியர் துல்ப் பிரேதத்தின் கைத்தசையை விளக்க, ஒருவர் குனிந்து உற்றுநோக்குகின்றார். வேறொருவர் எங்கோ பார்த்துச் சிந்திக்கின்றார். 1642இல் முடித்த 'இராக் காவல்' என்னும் பெரும் படத்திலே நகரக் காவற் படையினர் இருளிலிருந்து ஒளிக்கு வருகின்றனர். அப்படத்தை வரைவித்தோர் வெறுத்தொதுக்கினர் என்று வழங்கும் கதைக்குச் சான்று இல்லை.

அதே ஆண்டில் மனைவி சஸ்கியா இறந்தார். குழந்தை தீத்தசுக்கு அப்போது ஒரு வயதும் நிறையவில்லை. நோயுற்றுப் படுக்கையிலிருந்த மனைவியையும், பின்னர் மேசையருகே எழுத்தை மறந்து நினைவில் ஆழ்ந்த மைந்தனையும் றெம்பிரான்ட் வரைந்து வைத்தார்.

1654இல் வணிகர் ஒருவர், தாம் வரைவித்த இளம் பெண்ணின் படம் அவளைப் போல் இல்லையென முறையிட்டு, திருத்தித் தரும்படி, அல்லது முன்பணத்தைத் திருப்பும்படி கேட்டார். மீதிப் பணம் வரும்வரை தூரிகையைத் தொடேன் என்றார் ஓவியர். ஓவியர் சங்கத் தலைவர்களே ஒப்புமையைத் தீர்மானிக்கட்டும் என்றும் கூறினார். கடன் சூழ்ந்திருந்த காலத்திலும் அவர் பணியவில்லை.

1656ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஆண்டு. அதே ஆண்டில் அந்நாட்டின் பெரும் ஓவியர் கடனிறுக்க வழியின்றி நொடித்துப் போனார். 13,000 கில்டர் விலை பேசி வாங்கிய வீடும், ஆசையுடன் சேர்த்த சித்திரங்களும் பிறர் கைக்குச் சென்றன. அவர் பார்த்து வரைந்த இந்திய மொகலாயச் சிற்றோவியங்களின் பிரதிகளுள் இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் உள்ளன. அயல்நாட்டு மன்னரின் முகங்களும் அவரைக் கவர்ந்தன என்பதற்கு அவையே சாட்சி.

வீடு போயிற்று, கலை போகவில்லை. 1662இல் துணிப் பரிசோதகர்களை வரைந்தார். கணக்கேட்டைச் சூழ்ந்த அவர்கள், யாரோ உள்ளே நுழைந்ததுபோல் நிமிர்ந்து பார்க்கின்றனர். 1663இல் துணைவி என்றிக்கேயும், 1668இல் மைந்தன் தீத்தசும் மறைந்தனர்.

தனித்திருந்த முதியவர் மீண்டும் கண்ணாடியின் முன் அமர்ந்தார். 1669இல் வரைந்த படத்திலே தளர்ந்த கன்னமும் சுருங்கிய நெற்றியும் மறைக்கப்படவில்லை. அதை ஊடுகதிரால் ஆராய்ந்தோர், முதலில் கையில் தூரிகை இருந்ததையும், பின்னர் அதை அகற்றிக் கைகளைக் கோத்து வரைந்ததையும் கண்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் காலமானார். தேவாலயத்தில் அவரை அடக்கிய இடம் எதுவென இன்று எவருக்கும் தெரியாது.

ஓவியமாகவும் செதுக்கலாகவும் அவர் விட்டுச்சென்ற தம் உருவங்கள் ஏறக்குறைய 80. அவற்றை வரிசையாகக் காண்போர், குறும்புச் சிரிப்புடைய இளைஞன் இழப்புகளைத் தாங்கிய முதியவனாவதைக் காண்பர். பிறர் முகத்தில் எதைத் தேடினாரோ, அதைத் தம் முகத்திலும் ஒளிக்காது காட்டினார். அந்த நேர்மையே முந்நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னும் அவ்வோவியங்களின் முன் மக்களை நிறுத்தி வைக்கின்றது.