ஆர்வத்திலிருந்து ஓர் ஆண்டுத் திட்டம்



ஜூன் முதல் வாரத்தில் நான் இரண்டு பட்டியல்கள் எழுதுகிறேன். ஒன்று, ஐந்தாம் வகுப்பின் கற்றல் விளைவுகள். மற்றொன்று, என் வகுப்புக் குழந்தைகளுக்குப் பிடித்தவை: ஆடு, மழை, கோலம், கபடி. இரண்டையும் அருகருகே வைத்துப் பருவவாரியாகப் பிரிக்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். பரப்பளவையும் முகத்தலளவையையும் அப்போதைக்கு வைக்கிறேன். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. பெய்தால் 1,000 லிட்டர். குழந்தைகளே கணக்கிட்டுச் சொல்வார்கள். மார்கழிக் கோலம் சமச்சீருக்கு. ஆடு மேய்க்கப் போய் அடிக்கடி விடுப்பெடுத்த மாணவன், குட்டியின் உயரத்தை வாரந்தோறும் அளந்து பட்டை வரைபடம் போட வகுப்புக்கு வருகிறான்.

“பாடம் முடியுமா?” என்று கேட்பீர்கள். எல்லாம் ஆர்வத்தோடு பொருந்துவதில்லை. பொருந்தாத பாடங்களை நேரடியாகவே நடத்துகிறேன். மாதக் கடைசியில் முதல் பட்டியலைப் பார்த்து, விடுபட்டதை அடுத்த மாதத் திட்டத்தில் சேர்க்கிறேன்.

வரும் ஜூனில் ஒரே ஒரு பாடத்தில் தொடங்கிப் பாருங்கள்.