உச்சநேரத்தில் விழிக்கும் பஸார்

நோன்பின் கடைசிப் பத்து வந்துவிட்டால் கல்முனை பஸார் இரவில்தான் விழிக்கும். தராவீஹ் முடித்து மருதமுனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். புடவைக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாக விளக்குகள். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஏசிக் குளிர் வீதிக்கு வழியும்.

இலங்கையில் மின்சாரத்துக்கு விலை கூடிய நேரமும் இரவின் முற்பகுதிதான். 42 கேவிஏக்கு (கிலோவோல்ட் அம்பியர்) மேற்பட்ட இணைப்புள்ள வர்த்தக நிலையங்களுக்கு ஒரு நாள் மூன்றாகப் பிரித்துக் கணக்கிடப்படுகிறது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சநேரம். மஃரிப் முடிந்து கடைகளில் விளக்கேறும்போதே மீற்றரும் வேறு விலையில் ஓடத் தொடங்கிவிடும். அலகுக் கணக்கோடு இன்னொரு கணக்கும் உண்டு. அந்த மாதத்தில் ஒரே வேளையில் இழுத்த அதிகூடிய மின்வலு எவ்வளவோ, அதற்கு ஒவ்வொரு கேவிஏக்கும் தனிக் கட்டணம். வெயிலில் வெந்து கிடந்த கடையைத் திறந்ததும் எல்லா ஏசியையும் ஒன்றாகப் போட்டால், அந்தச் சிறு பொழுதே மாதக் கட்டணத்தை மேலே தூக்கிவிடும்.

விற்பனையில் நிற்கும் பையனால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தன்னியக்கக் கட்டுப்பாடு தேவைப்படுவது இந்த இடத்தில்தான். ஏசிகளை ஒன்றன்பின் ஒன்றாக இயக்குவது, ஆளில்லாத மாடியில் விளக்கை அணைப்பது, உச்சநேரம் தொடங்குமுன் கடையைக் குளிரவைத்துவிட்டுப் பிறகு வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்துவது. நேரக்கருவியும் சென்சரும் சிறு கணினியும் சேர்ந்தால் இவை தாமாக நடக்கும்.

உலகின் பல நாடுகள் இதை விருப்பத்துக்கு விடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் கொண்டுவந்த விதிப்படி, 290 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வெப்பமூட்டல் அல்லது குளிரூட்டல் உள்ள, வீடல்லாத கட்டடங்களில் தன்னியக்கக் கட்டுப்பாடு இருந்தாக வேண்டும். 2024இல் அந்த எல்லையை 70 கிலோவாட்டாகக் குறைத்து, 2029 முடிவு வரை அவகாசம் கொடுத்தார்கள். 70 கிலோவாட் என்றால் பன்னிரண்டாயிரம் பிடியூ ஏசி ஏறத்தாழ இருபது. கல்முனையின் மூன்று மாடிப் புடவைக் கடையொன்றை மனதில் வைத்து எண்ணிப் பார்த்தால் அது எட்டாத தொகை அல்ல.

இலங்கையும் இதில் புதிதல்ல. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெறுதகு வலு அதிகாரசபை உருவானது. வலுச் சிக்கனக் கட்டடங்களுக்கான கோவை 2008ஆம் ஆண்டுப் பதிப்பாகவும், பிறகு 2020ஆம் ஆண்டுப் பதிப்பாகவும் வந்தது. சுவர், கூரை, விளக்கு, குளிரூட்டல், சுடுநீர், மின்விநியோகம் எல்லாவற்றையும் அது பேசுகிறது.

அந்தக் கோவையின் அருமையை 2022 உணர்த்தியது. மார்ச் 31 அன்று மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. சில நாட்களில் நோன்பு பிறந்தது. ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். பின்னர் குறைப்புகள் வந்தன, மறுபடி ஏற்றமும் வந்தது. கரண்ட் பில்லைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் கடை முதலாளிகளிடம் தங்கிவிட்டது.

கல்முனை இருக்கும் இந்தக் கிழக்குக் கரைக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பிரதான வீதி கடலோரமாக வடக்குத் தெற்காக ஓடுகிறது. அதனால் வீதியோரக் கடைகள் கிழக்கையோ மேற்கையோதான் பார்க்கின்றன. ஒரு பக்கத்துக் கண்ணாடி முகப்பில் காலை வெயில், மறுபக்கத்தில் மாலை வெயில், இரண்டும் நேராக அடிக்கும். உள்ளே நுழைந்த அந்தச் சூட்டை வெளியேற்றவே ஏசி நிறைய உழைக்க வேண்டியிருக்கிறது. நிழல் தரும் ஒரு தாழ்வாரம் இல்லாமல் சென்சரை மட்டும் பொருத்தினால் பலன் அரைகுறையாகத்தான் இருக்கும். கடற்காற்றின் உப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெளியே வைக்கும் கருவி துருவைத் தாங்கும் உறையில் இல்லாவிட்டால் சீக்கிரம் கைவிட்டுவிடும்.

தொடங்குவதற்கு மிகப் பொருத்தமான கட்டடம் எதுவென்று கேட்டால், பள்ளிவாசல் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அங்கே ஆட்கள் எப்போது வருவார்கள், எப்போது போவார்கள் என்பது நிமிடக் கணக்கில் தெரியும். சுவரில் தொங்கும் தொழுகைக் கடிகாரத்துக்கு வருடம் முழுவதற்குமான நேரங்கள் ஏற்கெனவே மனப்பாடம். அதே நேரங்களை ஏசிக்கும் மின்விசிறிக்கும் சொல்லிக்கொடுத்தால் போதும். லுஹர் தொழுகைக்கு இரண்டு ஸப்பு நிற்கும் நாளில் முன்பகுதி மட்டும் இயங்கும். ஜும்ஆவுக்கு முழு மண்டபமும் குளிரும். மிம்பரில் இஸ்ராஃப் (வீண்விரயம்) பற்றிக் கேட்டுப் பழகிய ஜமாஅத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

புதுக் கட்டடங்களுக்கு வேறு வழி உண்டு. கல்முனையில் வரைபடம் மாநகர சபையின் அனுமதிக்குப் போகிறது. தூண், மலசலகூடம், வாகனத் தரிப்பிடம் பற்றிக் கேட்கும் அந்த மேசையிலேயே, விளக்கும் ஏசியும் எப்படி அணையும் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். சுவர் பூசுமுன் சென்சர் வயருக்கு ஒரு குழாய் பதிப்பது மேசனுக்குச் சிறு வேலை. பூசி, வர்ணமடித்து, கடை திறந்த பிறகு அதே குழாய்க்காகச் சுவரை வெட்ட வேண்டியிருக்கும்.