கணவாய்க்கு அந்தப் பக்கம் என்ன விலை?

சாரல் விழுகிற நாளில் குற்றாலத்தில் கருத்தரங்கு வைப்பது துணிச்சலான காரியம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி அவை ஐந்தருவியில் நிற்கும். அமர்வுத் தலைவர்கள் அதற்கும் தயாராக இருப்பது நல்லது. எடுத்துக்கொண்ட பொருளோ அதைவிடத் துணிச்சலானது: விண்வெளியில் சரக்கு ஏற்றி, விற்று, வழிமறிப்பவரோடு சண்டை போடும் கணினி விளையாட்டுகளில் கதை எப்படிச் சொல்லப்படுகிறது, அவற்றின் மரபுகள் எங்கிருந்து வந்தன என்பது. குறவஞ்சி பிறந்த ஊரில் இது என்ன பேச்சு என்று நினைப்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். குறவஞ்சியும் வரும், ஆரியங்காவுக் கணவாயும் வரும்.

1980களின் தொடக்கத்தில் வீட்டுக் கணினிகளுக்கு வந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை, காசு போட்டு ஆடும் கடைகளின் வாரிசுகள். கடையில் ஓர் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்தால்தான் அடுத்த காசு விழும். மூன்று உயிர், ஏறிக்கொண்டே போகும் ஸ்கோர், வேகம் கூடிக்கொண்டே வரும் எதிரி எல்லாம் அந்தக் கல்லாக் கணக்கில் பிறந்தவை. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் தங்கள் விளையாட்டைத் தார்ன் இஎம்ஐ நிறுவனத்திடம் கொண்டுபோனபோது, பத்து நிமிடத்தில் முடியாத ஆட்டம், மூன்று உயிர் இல்லாத ஆட்டம் எப்படி விற்கும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஏகார்ன்சாஃப்ட் அதை 1984 செப்டம்பரில் வெளியிட்டது. பெயர் ‘எலைட்’.

விண்வெளியில் வாங்கி விற்கும் ஆட்டம் அதற்கு முன்பே உண்டு. 1974இல் டேவ் காஃப்மன் பேசிக் மொழியில் எழுதிய ‘ஸ்டார் டிரேடர்’ வெறும் எழுத்தும் எண்ணுமாக ஓடியது. எலைட் அந்த வணிகத்தையும், கோட்டுச் சித்திரமாக முப்பரிமாணத்தில் தெரியும் சண்டையையும் ஒரே நூலில் கோத்தது. ஆட்டக்காரரின் பெயர் ஜேம்சன், நிற்கும் இடம் லேவ் என்னும் கோள், கையில் 100 கிரெடிட், கலத்தில் 20 டன் சரக்கு ஏற்ற இடம். அதற்குமேல் என்ன செய்ய வேண்டும் என்று ஆட்டம் எதுவும் சொல்லாது.

திரையில் கதை ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் பெட்டிக்குள் ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக் எழுதிய ‘தி டார்க் வீல்’ என்ற குறுநாவலை வைத்து விற்றார்கள். கதை புத்தகத்தில் இருந்தது, ஆட்டம் கணினியில் இருந்தது. ஆனால் ஆடியவர்கள் நினைவில் வைத்துக் கதைகதையாகச் சொன்னது அந்தக் குறுநாவலை அல்ல. கடைசி டன் இடத்தில் எதை ஏற்றினார்கள், எரிபொருள் தீர்ந்து எந்தக் கோளில் மாட்டிக்கொண்டார்கள், அரசே இல்லாத கோளுக்குப் பேராசையில் போய் எப்படிச் சரக்கைப் பறிகொடுத்தார்கள் என்பதைத்தான். விலை, தூரம், ஆபத்து மூன்றையும் சரியான விகிதத்தில் வைத்துவிட்டால் கதையை ஆட்டக்காரரே கட்டிக்கொள்வார். இந்த வகை விளையாட்டின் முதல் மரபு அதுதான். மற்றவை எல்லாம் அதன் கிளைகள்.

எலைட் ஓடிய பிபிசி மைக்ரோ கணினியின் நினைவகம் மொத்தமே 32 கிலோபைட். அதற்குள் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள், ஆக 2048. இவற்றை எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆறு பைட் அளவுள்ள ஒரு தொடக்க எண்ணை ஒரே விதிப்படி திருப்பித் திருப்பிக் கணக்கிட்டால் அடுத்தடுத்த கோள்கள் வந்துகொண்டே இருக்கும். பெயர்கள் இரண்டிரண்டு எழுத்தாகக் கோத்தவை. இதே வித்தையில் 2.8 கோடிக் கோடி என்ற கணக்கில் மண்டலங்களை உண்டாக்க முடியும், உண்டாக்கவும் நினைத்தார்கள். அவ்வளவு இருந்தால் எல்லாமே இயந்திரம் பெற்ற பிள்ளைகள் என்பது வெளிச்சமாகிவிடும் என்று பதிப்பாளர்தான் எட்டோடு நிறுத்தச் சொன்னார். வடிவமைப்பு வரலாற்றில் இவ்வளவு புத்திசாலித்தனமான கஞ்சத்தனம் அரிது.

விதி கட்டிவைத்த சட்டகத்துக்குள் உலகம் படைப்பது என்றால், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரை அழைக்காமல் முடியாது. 18ஆம் நூற்றாண்டுக்கு வந்தபோது குறவஞ்சிக்கு ஒரு சட்டகம் இருந்தது: தலைவன் பவனி வருவான், தலைவி பந்தாடுவாள், காதல் கொள்வாள், நிலவைப் பழிப்பாள், குறத்தி வருவாள், மலைவளம் சொல்வாள், குறி சொல்வாள், சிங்கன் சிங்கியைத் தேடுவான். வரிசை தெரிந்த அவைக்கு முன்னால்தான் கவிராயர் பாடினார். அடுத்து என்ன வரும் என்பதில் அங்கே புதிர் கிடையாது. அந்த இடத்தை இவர் எப்படி நிரப்பப்போகிறார் என்பதில்தான் சுவை.

குற்றாலக் குறவஞ்சியின் கடைசிப் பகுதியில் ஓர் இடம் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் எழுத்தெண்ணிப் படிக்க வேண்டியது. நெடுநாள் பிரிந்திருந்த சிங்கியைக் கண்ட சிங்கன், அவள் உடம்பில் கிடப்பதையெல்லாம் பார்த்து மிரண்டுபோய் ஒவ்வொன்றாகக் கேட்கிறான். காலில் கிடப்பது விரியன் பாம்போ என்கிறான். சேலத்தில் குறி சொல்லி வாங்கிய சிலம்பு என்கிறாள் அவள். இப்படியே அணி அணியாக, ஊர் ஊராக. அவள் போன பயணத்தைக் கவிராயர் தனியாக வருணிக்கவில்லை. கேள்வியும் பதிலுமாக நகைப் பட்டியல் ஓடுகிறது. அதிலேயே அவள் நடந்த தூரம், பெற்ற மதிப்பு, அவனுடைய சந்தேகம், அவளுடைய சாமர்த்தியம் எல்லாம் வந்துவிடுகின்றன. சரக்குப் பட்டியலைக் கொண்டே கதை சொல்வது எலைட்டுக்கு 250 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலையடிவாரத்தில் கைவந்த கலை.

மரபு உண்மையோடு முட்டிக்கொள்ளும் இடமும் உண்டு. தெற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் எஞ்சின்களைச் சோதிக்கும் பொறியாளர் யாரையாவது இந்த ஆட்டங்களின் முன் உட்காரவைத்தால் முதல் நிமிடத்திலேயே சிரித்துவிடுவார். எஞ்சினை அணைத்தால் கலம் நின்றுவிடுகிறது. திருப்பினால் பேருந்துபோல் திரும்புகிறது. காற்றே இல்லாத வெளியில் வெடிச்சத்தம் வேறு. பிரேபன் 1993இல் ‘ஃபிரண்டியர்’ என்ற இரண்டாம் பாகத்தில் நியூட்டன் விதிகளை அப்படியே வைத்துப் பார்த்தார். இயற்பியல் ஜெயித்தது, சண்டை தோற்றது. இரண்டு கலங்களும் அசுர வேகத்தில் ஒன்றையொன்று கடந்து பறந்தனவே தவிர, குறிபார்த்துச் சுட வழியில்லை என்று ஆடியவர்கள் அலுத்துக்கொண்டார்கள். 2014இல் வந்த ‘எலைட்: டேஞ்சரஸ்’ ஒரு சமரசம் செய்தது: சாதாரணமாகக் கலம் விமானம்போல் பறக்கும், வேண்டுமென்றால் அந்த உதவியை அணைத்துவிட்டு நியூட்டனோடு மல்லுக்கட்டலாம்.

விலைக்கு வருவோம். எலைட்டில் ஒவ்வொரு கோளுக்கும் ஒரு பொருளாதார எண் உண்டு, பணக்காரத் தொழில் கோளிலிருந்து ஏழை வேளாண் கோள் வரை எட்டுப் படி. உணவு வேளாண் கோளில் மலிவு, தொழில் கோளில் கிராக்கி. கணினிகளுக்கு நேர் எதிர். அதன்மேல் கொஞ்சம் தற்செயலைத் தூவி, கலம் வந்து சேரும்போது விலையை நிர்ணயிக்கிறார்கள். ஆட்டக்காரர் எவ்வளவு கொண்டுவந்து கொட்டினாலும் அந்த விலை அசையாது. பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு காலைப் பொழுது நின்றவர்களுக்கு இது நம்பவே முடியாத உலகம். கேரளத்துக்கு ஓணம் வந்தால் இங்கே வெண்டையும் கத்தரியும் ஏறும். எதிர்பாராமல் நாலு லோடு கூடுதலாக வந்து இறங்கினால் மதியத்துக்குள் இறங்கும். 2003இல் தொடங்கிய ‘ஈவ் ஆன்லைன்’ விலையை விதியின் கையிலிருந்து பிடுங்கி ஆட்டக்காரர்களின் கையிலேயே கொடுத்தது. அந்தச் சந்தையைக் கவனிக்க, ஆட்டத்தை நடத்திய ஐஸ்லாந்து நிறுவனம் 2007இல் எயோல்ஃபுர் குட்முண்ட்சன் என்ற பொருளியலாளரை வேலைக்கே அமர்த்தியது.

விலை வேறுபாட்டுக்குக் காரணம் மண்ணும் மழையும் மட்டும் அல்ல, எல்லைக்கோடும்தான். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிக்குள் இருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து மிளகும் பாக்கும் வந்தன. கிழக்கிலிருந்து துணியும் மாடும் போயின. திருவிதாங்கூரில் புகையிலை அரசின் ஏகபோகம், ஆகவே கணவாயின் இரு பக்கமும் இரு விலை, ஆகவே கள்ளக்கடத்தல். 1860களில் ஏகபோகமும், 1865 உடன்படிக்கையால் எல்லைச் சுங்கத்தின் பெரும்பகுதியும் போயின. 1904இல் கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதை வந்தபோது தூரத்தின் கணக்கும் மாறிவிட்டது. விலை, எல்லை, தடைசெய்த சரக்கு, காவல், குறுக்கு வழி: எலைட்டில் இருக்கும் அத்தனை உறுப்பும் அறுபது மைல் சுற்றளவுக்குள் கிடந்திருக்கின்றன.

ஆனால் இந்த வகை விளையாட்டுகள் தங்கள் முன்மாதிரியை இந்தப் பக்கம் தேடவில்லை. 1993இல் வந்த ‘பிரைவெட்டீர்’ என்ற ஆட்டத்தின் பெயரே, எதிரி நாட்டுக் கப்பலைக் கொள்ளையடிக்க ஐரோப்பிய அரசர்களிடம் உரிமம் வாங்கிய கப்பல்காரரைக் குறிப்பது. 2003இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘ஃப்ரீலான்சர்’ ஆட்டத்தில் மனிதர்கள் குடியேறிய நான்கு அரசுகள் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஜெர்மனி ஆகியவற்றின் சாயல். ஆட்டத்தின் கோள்களில் ஒன்றுக்கு மன்ஹாட்டன் என்றே பெயர். எதிர்காலத்தில் யாருக்கு இடம் உண்டு என்பதை இந்தப் பெயர்ப் பலகைகள் சத்தமில்லாமல் தீர்மானித்துவிடுகின்றன. ஆட்டமாக ஃப்ரீலான்சர் அருமையானது, குறிப்பாக அதன் வணிகப் பாதை: வளையங்கள் வரிசையாக நிற்கும், கலம் அவற்றுக்குள் நுழைந்தால் மின்னல் வேகம். கொள்ளையர்கள் ஒரே ஒரு வளையத்தைச் செயலிழக்கச் செய்வார்கள். கலம் தடுமாறி நடுவெளியில் நிற்கும். அங்கே அவர்கள் காத்திருப்பார்கள். மலைப்பாதையில் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இந்த மரபின் நாயகன் பெரும்பாலும் தனியாள். சொந்தக் கலம், சொந்தத் துப்பாக்கி, சொந்த லாபம். தமிழ் வணிக வரலாறு காட்டுவது வேறு. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு, எறிவீரர் என்னும் ஆயுதம் தாங்கிய காவலர்களோடு இயங்கியது. அவர்கள் காவலில் இருந்த சந்தையூர்கள் எறிவீரப்பட்டினம் எனப்பட்டன. சுமத்ராவின் பாரூஸ் அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே வரும் மரக்கலத்தார் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னில் கட்டணம் செலுத்த வேண்டும் என்று அந்தக் குழுவின் பெயரால் விதிக்கிறது. வணிகமும் போரும் சேர்ந்த ஆட்டம்தான் இதுவும்; ஆனால் ஆடுவது குழு.

இன்னும் அருகில், சொக்கம்பட்டி, ஊத்துமலை, சிவகிரிப் பாளையங்கள் இருந்த இந்த வட்டாரத்தில் காவல் முறை இருந்தது. ஊரும் வழிப்போக்கரும் காவல்காரருக்குக் கட்டணம் கொடுப்பார்கள். திருட்டுப் போனால் காவல்காரர் சரக்கைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். கட்டணம் கொடுக்காதவர் வீட்டில் யார் திருடினார்கள் என்பதும் ஊருக்குத் தெரிந்த ரகசியமாகவே இருந்தது. எலைட்டின் போலீஸ் கலம் குற்றவாளியைச் சுடும், சரக்குக்கு ஈடு தராது. காவலே வியாபாரமாகவும் மிரட்டலாகவும் காப்பீடாகவும் இருக்கும் ஆட்டத்தை எவரும் இன்னும் முழுமையாகச் செய்து பார்க்கவில்லை என்பது வியப்பு.

ஈவ் ஆன்லைன் அதன் பக்கம் கொஞ்சம் வந்தது. 2014 ஜனவரி 27இல் அங்கே ஒரு கூட்டணி தன் பகுதிக்கான கட்டணம் செலுத்தப்படாமல் போனதால் அந்த இடத்தின் உரிமையை இழந்தது. மறுநாள்வரை நீண்ட போரில் 7,500க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். டைட்டன் எனப்படும் மாபெரும் கலங்கள் 75 அழிந்தன. மதிப்பு மூன்று லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். எந்தக் கதாசிரியரும் எழுதாத கதை. தொடக்கம் ஒரு பாக்கித் தொகை.

தமிழ் வாழ்க்கையை விளையாட்டாக்கினால் உலகம் ஏற்குமா என்ற தயக்கத்துக்கு இனி இடமில்லை. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’ ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடப்பது. அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் வரிகள் அழிந்திருக்கும்; இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்று ஆடுபவரே ஊகிக்க வேண்டும். அழிந்த வரிதான் புதிர், கதையும் அதுவே. அடுத்த ஆண்டு அது பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது.

ஆகவே அமர்வுகளுக்கு ஒரு கோரிக்கை. புகையிலை ஏகபோகம் இருந்த காலத்து ஆரியங்காவை ஒரு காகித ஆட்டமாகவேனும் வரைந்து பாருங்கள். விலைப்பட்டியல் வேண்டும், சுங்கச்சாவடி வேண்டும், ஈடு தர வேண்டிய காவல்காரர் வேண்டும். ஆடுபவர் பொதிமாட்டுக்காரராகத் தொடங்குவதா காவல்காரராகத் தொடங்குவதா என்பதில் கணினித் துறையும் வரலாற்றுத் துறையும் ஒத்துப்போகாது. அந்தச் சண்டையை முதல் அமர்விலேயே தொடங்கிவிடலாம்.