நகரத்து வீட்டில் நாய்

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. 7ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நாட்டப்பெற்றது. எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்த அவனுடைய நாயும் அக்கல்லில் வடிக்கப்பெற்றுள்ளது. ‘கோவிவன்’ என்ற அதன் பெயரையும் பொறித்திருக்கின்றனர். நாய்க்கும் கல் நட்ட மரபில் வந்த நாம், இன்று தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஓரிரண்டு அறைகளுக்குள் நாய் வளர்க்கின்றோம். ஊரில் அதற்குத் திண்ணையும் களத்துமேடும் இருந்தன. இங்கே கட்டிலடியே அதன் நாடு. ஆகவே அதன் உடல்நலத்தைப் பற்றி ஊரில் எண்ணாதவற்றையும் இங்கே எண்ண வேண்டியவர்களாகின்றோம்.

ஊர் நினைவால் இராஜபாளையம், சிப்பிப்பாறைக் குட்டிகளை இரயிலேற்றிக் கொணர்வோர் நம்மில் உளர். அவை ஓடுவதற்கென்றே பிறந்த வேட்டை நாய்கள். நாள்தோறும் காலை மாலை நெடுந்தொலைவு நடத்திச் செல்ல இயலாதவர், அவ்வாசையை அடக்கிக்கொண்டு தெருவில் பிறந்த நாட்டுக்குட்டி ஒன்றை எடுத்து வளர்ப்பதே அறிவுடைமை என்போம். இராஜபாளையம் குட்டிகளுள் சில பிறவியிலேயே செவிடாயிருப்பதுண்டு. வெண்ணிறத்தோடு ஒட்டி வரும் குறை அது. வாங்குமுன் குட்டியின் பின்னே நின்று கைதட்டிப் பார்த்தல் நன்று. எக்குட்டியையும் எட்டு வாரம் நிறையுமுன் தாயைவிட்டுப் பிரித்தல் ஆகாது.

வந்த குட்டிக்கு முதற்கடமை குடற்புழு மருந்தும் தடுப்பூசியுமாம். பார்வோ என்னும் கழிச்சல் நோய் இரண்டொரு நாளில் குட்டியைக் கொன்றுவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்திற்கொருமுறையாகப் பதினாறு வாரம் வரை ஊசி தொடர வேண்டும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பின்னர் மருத்துவர் குறிக்கும் நாளில் மறுபடியும். இதனைத் தவறவிடுவோர் தம் குழந்தைகளின் உயிரையும் பணயம் வைப்போரே. வெறிநோய்க் குறிகள் தோன்றிய பின் மனிதருக்கும் நாய்க்கும் மீட்சி அரிது. கடிபட்டால் உடனே சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் புண்ணுக்கு மருந்தல்ல.

இனி, மும்பையின் மழை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததும், மித்தி ஆறு கரை மீறியதும் நம்மவர்க்கு மறக்கவொண்ணாதவை. வெள்ளம் வடிந்த பின் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் குடித்தது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து வரும் அந்நோய் மனிதரைப் போலவே நாயையும் பற்றி, சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். நோயுற்ற நாயின் சிறுநீரால் வீட்டாருக்கும் தொற்றும். தாராவிச் சந்துகளில் மழைக்காலத்தே தேங்கும் நீரில் நாய் இறங்காதிருப்பது ஆகாத காரியம். ஆகவே மழைக்கு முன்னரே, ஆண்டுதோறும், இதற்கான ஊசியைப் போட்டுவிட வேண்டும். வீடு திரும்பியதும் கால்களைக் கழுவித் துடைத்தலும், சோற்றுத் தட்டை இரவில் எலிக்கு விட்டுவையாமையும் வேண்டும். காய்ச்சலும் வாந்தியும் கண்ணில் மஞ்சளும் கண்டால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. உண்ணிகளும் இப்பருவத்தில் பெருகும். அவை இரத்தத்தில் நோய் புகுத்துவனவாதலின் காதுமடலையும் விரலிடுக்கையும் நாள்தோறும் பார்த்தல் நலம்.

உணவில் நம் சமையலறையே சிலபோது பகையாகிறது. சாம்பாரில் மிதக்கும் சின்ன வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். விருந்து நாளில் மிச்சத்தை அன்போடு வைக்கும் பாட்டிமாரிடம் இதனைப் பணிவாகச் சொல்லிவைக்க வேண்டும். கேட்பார்களா என்பது வேறு! உப்பும் காரமும் சேராத சோறு, வெந்த முட்டை, எலும்பு நீக்கிய இறைச்சி ஆகியன தகும். வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும்.

பெட்டை நாயை ஈனவிட விரும்பாதார் கருத்தடை அறுவை செய்வித்தல் நன்று. செய்யாவிடின், வயதேறிய பெட்டைகளுக்குக் கருப்பையில் சீழ் கோத்து உயிருக்கே இடர் வருவதுண்டு. பரேலில் 1886இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி உளது. மாட்டுங்காவிலிருந்து தாதர் கடந்தால் அடுத்த நிலையம்.

ஏழெட்டு வயதுக்குப் பின் ஆண்டுக்கு இருமுறை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். நீர் மிகுதியாகக் குடித்தல், மெலிதல், வாய்நாற்றம் ஆகியவற்றை முதுமை என்று தள்ளிவிடலாகாது. அவை பெரும்பாலும் நோயின் குறிகள். மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடியில் வாழ்வோர் கிழநாயைத் தூக்கிக்கொண்டு இறங்க நேரும். கண் மங்கிய நாய் வீட்டை நினைவால் அறிந்து நடக்கிறது. அதன் தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் இடம் மாற்றாதிருப்போம்.