இரண்டு யானைகளுக்கு நடுவே பாயான் லெப்பாஸ்



அமெரிக்காவும் சீனாவும் மோதிக்கொண்டால் பினாங்கில் இருக்கும் நமக்கென்ன என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒருவராவது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறார் அல்லவா? அப்படியென்றால் இது உங்கள் வீட்டுச் சங்கதி.

1972-இல் நிக்சன் பெய்ஜிங் போய் மாவோவின் கையைக் குலுக்கினார். அதே ஆண்டில்தான் இண்டெல் நிறுவனம் வெளிநாட்டில் தன் முதல் தொழிற்சாலையைப் பாயான் லெப்பாஸில் திறந்தது. 1974 மே 31-இல் துன் ரசாக் சீனாவோடு தூதரக உறவு ஏற்படுத்தினார். ஆசியான் நாடுகளில் நாம்தான் முதல். இரு பக்கமும் கதவு திறந்து வைப்பது நமக்குப் பழைய பழக்கம்.

2018-இல் அமெரிக்கா சீனப் பொருள்களுக்கு வரியை ஏற்றியது. சீனாவை விட்டு நகர்ந்த வேலைகளில் கொஞ்சம் பினாங்குக்கும் வந்தது. உலகில் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. சண்டையால் நமக்கு லாபம் என்று சிலர் மார்தட்டினார்கள். பொறுங்கள்! 2025 ஏப்ரலில் டிரம்ப் மலேசியப் பொருள்களுக்கே 24 விழுக்காடு வரி அறிவித்தார். ஆகஸ்டில் அது 19 ஆனது. சில்லுகளுக்கு அப்போது விலக்கு கிடைத்தது. அந்த ஏப்ரலிலேயே சீ ஜின்பிங் கோலாலம்பூர் வந்தார். அக்டோபரில் டிரம்ப் வந்து வாணிப ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இருவருக்கும் சிவப்புக் கம்பளம்தான்.

யானையும் யானையும் மோதினால் நடுவில் சாவது சருகுமான் என்று மலாய்க்காரர்கள் சொல்வார்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் ஓ.டி. போகும், பிறகு காண்ட்ராக்ட் ஆட்கள் போவார்கள். தோட்டத்தை விட்டு வந்த நம் பிள்ளைகள் பலர் அந்த காண்ட்ராக்ட் வரிசையில்தான் நிற்கிறார்கள்.

ஆகவே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆள்குறைப்பு என்றால் முதலாளி 30 நாள் முன்பே தொழிலாளர் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்குள் இருந்து, ஓராண்டாவது வேலை செய்திருந்தால் இழப்பீடு உண்டு: இரண்டு ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்து ஆண்டுக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். "நானே விலகுகிறேன்" என்று எழுதிய கடிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் இந்த இழப்பீடும் போகும், சொக்சோவின் வேலை இழப்புக் காப்புறுதிப் பணமும் போகும். அந்தப் பணத்துக்கு வேலை போன 60 நாளுக்குள் மனு செய்ய வேண்டும்.