களைப்பு ஒரு செய்தி, அதை அமுக்க வேண்டாம்

(உடும்பஞ்சோலை வட்டாரத்தில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏலக்காய் விளையும் இந்த மலையில் விளையாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். இதே தாலுகாவில் ராஜாக்காடு பக்கத்தில் முல்லக்கானம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பிறந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010ஆம் ஆண்டு குவாங்சௌ ஆசியப் போட்டியில் 10,000 மீட்டரை 31 நிமிடம் 50.47 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். 5,000 மீட்டரில் வெள்ளி. இதே இடுக்கி மாவட்டத்துக் கே.எம். பீனாமோள் 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதி வரை போனார். 2002 பூசான் ஆசியப் போட்டியில் 800 மீட்டரிலும் தொடர் ஓட்டத்திலும் தங்கம். அதே போட்டியில் அவருடைய தம்பி பினு 800 மீட்டரில் வெள்ளி.

மலைக்காற்றுதான் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் உயரத்தினால் ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூட வேண்டுமானால் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேல் பல வாரங்கள் தங்க வேண்டும். நம் ஊர்கள் பெரும்பாலும் 1,000 மீட்டரை ஒட்டியவை. என் கண்ணுக்குப் படுவது வேறு ஒரு கணக்கு. பூசானில் தங்கம் வாங்கியபோது பீனாமோளுக்கு வயது 27. குவாங்சௌவில் பிரீஜாவுக்கு 28. நாமோ 14 வயதுக் குழந்தைக்கு மாநிலப் பதக்கம் வரவில்லையே என்று கவலைப்படுகிறோம்! அந்தக் குழந்தை 27 வயது வரை விளையாட்டில் இருக்குமா என்பதல்லவா உண்மையான கேள்வி?

பல குழந்தைகள் இருப்பதில்லை. நன்றாக ஆடிக்கொண்டிருந்த பையன் ஒரு நாள் ராக்கெட்டை மூலையில் வைத்துவிட்டு "எனக்கு வேண்டாம்" என்கிறான். சோம்பேறித்தனம், செல்போன் என்று நாம் பெயர் வைக்கிறோம். இதற்குப் 'பர்ன்-அவுட்' என்று பெயர். விளக்கில் எண்ணெய் தீர்ந்து திரி கருகுவது போல. அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் ரேடிக் 1997இல் இதற்கு மூன்று அடையாளங்களை வகுத்தார். ஒன்று, உடலும் மனமும் சேர்ந்து ஓய்ந்துபோவது. இரண்டு, எவ்வளவு செய்தாலும் ஒன்றும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். மூன்றுதான் முக்கியம்: ஆசைப்பட்ட ஆட்டத்தின் மேலேயே வெறுப்பு. சாதாரண அசதி இரண்டு நாள் தூங்கினால் போய்விடும். இது போகாது.

இந்த நிலை ஒரே நாளில் வருவதில்லை. உடம்பு முன்கூட்டியே சொல்லும். காலையில் எழுந்திருக்கும்போதே நாடித் துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். தூக்கம் கெடும், எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும், சளி பிடித்தால் விடாது. அந்தச் செய்தியைக் கேட்காமல் அதன் வாயை அடைக்கும் பொருள்தான் இப்போது டப்பா டப்பாவாக விற்கிற 'ப்ரீ-ஒர்க்அவுட்' பவுடர்.

அதில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் முதல் சரக்கு காஃபீன், நம் காபியில் இருப்பதேதான். மூளையில் அடினோசின் என்ற ஒரு பொருள் சேரச் சேரத்தான் நமக்குக் களைப்பு தெரிகிறது. காஃபீன் போய் அதன் இடத்தை அடைத்துக்கொள்கிறது. களைப்பு அங்கேயேதான் இருக்கும், தெரியாமல் போகும். வட்டிக்குக் கடன் வாங்கி வீட்டுச் செலவு செய்வது போல. கொஞ்சம் காஃபீன் வயது வந்த வீரருக்கு உதவும் என்பது உண்மைதான். 2004 ஜனவரி முதல் அது தடைப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அளவு இருக்கிறதே! ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன கணக்குப்படி, வயது வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை, ஒரே தடவையில் 200 வரை. சிறுவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள பையனுக்கு நாள் முழுவதற்கும் 150தான் கணக்கு. பல பவுடர்களில் ஒரு கரண்டியிலேயே 200, 300 இருக்கிறது. அதில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 5 மணிக்குக் குடித்தால் இரவு 10 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். தூக்கம் கெட, மறுநாள் களைப்பு கூட, இன்னொரு கரண்டி! இந்தச் சக்கரம்தான் குழந்தையைக் கருக்குகிறது.

அளவாவது டப்பாவில் அச்சிட்டிருக்கும். அச்சிடாத சரக்கும் உண்டு. டி.எம்.ஏ.ஏ. என்று ஓர் ஊக்கப்பொருள் இத்தகைய பவுடர்களில் கலந்து விற்றது. 2012 லண்டன் மாரத்தானில் 30 வயதுப் பெண் ஒருவர் இலக்குக்குச் சுமார் ஒரு மைல் இருக்கும்போது விழுந்து இறந்தார். அவர் குடித்த பானத்தில் இருந்த டி.எம்.ஏ.ஏ.வும் கடும் உழைப்பும் சேர்ந்து இதயத்தை நிறுத்தியிருக்கக்கூடும் என்று 2013இல் விசாரணையில் முடிவாயிற்று. இதே பொருளுக்காகத்தான் 2010இல் டில்லி காமன்வெல்த் போட்டிக்குச் சற்று முன்னால் நம் நாட்டு வீரர்கள் சிலர் சோதனையில் மாட்டினார்கள்.

அடுத்த ஆண்டு இன்னும் வருத்தமான செய்தி. 2010இல் டில்லியிலும் குவாங்சௌவிலும் 4x400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்று நாட்டையே எழுந்து நிற்க வைத்த அணியின் மூன்று பேர் உட்பட, 6 ஓட்ட வீராங்கனைகள் 2011இல் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். கேரளப் பெண்களும் அதில் உண்டு. பயிற்சியாளர் சீனாவிலிருந்து வாங்கிக் கொடுத்த ஜின்செங் மாத்திரையில் கலப்படம் இருந்தது என்பது அவர்கள் வாதம். இந்தியக் குழு ஓராண்டுத் தடை விதித்தது. 2012 ஜூலையில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டாண்டாக உயர்த்தியது. யார் கொடுத்தாலும் வாய்க்குள் போவதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் சட்டம். "கோச் சொன்னார்" என்பது பதிலாகாது. 2023இல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213இல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. இது எங்கோ நடக்கும் விஷயம் என்று நாம் இருக்க முடியாது.

இனி நம் வீடுகளுக்கு வருகிறேன். பாலக்காடு, சென்னை, மும்பை, நியூ ஜெர்சி என்று எங்கே இருந்தாலும் நம் குழந்தைகள் டென்னிஸ், நீச்சல், கிரிக்கெட், செஸ் என்று ஏதோ ஒன்றில் இருக்கிறார்கள். காலை 5 மணிக்குப் பயிற்சி, பிறகு பள்ளி, பிறகு டியூஷன், மறுபடி பயிற்சி. பரீட்சையிலும் முதல், மைதானத்திலும் முதல் வேண்டும். இந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் குழந்தைக்கு ஒரு நாளில் 24 மணிதான்.

நம் சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சைவச் சாப்பாட்டில் நன்றாக விளையாடலாம், சந்தேகமே வேண்டாம். ஆனால் இரும்புச் சத்தும் பி-12ம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கியமாகப் பெண் குழந்தைகளுக்கு. 'சோம்பல்' என்று நாம் திட்டுவது பல சமயம் ரத்தசோகைதான். பவுடர் வாங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சாப்பாட்டோடு காபி குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். பருப்பு, தயிர், பால், சுண்டல் நாள்தோறும் இருக்கட்டும். பயிற்சிக்கு முன் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ எந்த டப்பாவுக்கும் குறைந்ததல்ல.

வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் அந்த ஆட்டத்திலிருந்து விடுமுறை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இதையே சொல்கிறது. 13 முதல் 18 வயது வரை இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். வயலைக்கூட ஒரு போகம் தரிசாகப் போடுகிறோமே!

வீட்டில் அப்படி ஒரு டப்பா இருந்தால் கோபிக்காமல் மேஜை மேல் வைத்து, குழந்தையோடு சேர்ந்து லேபிளைப் படியுங்கள். அளவு போடாமல் 'கலவை' என்று மட்டும் போட்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். நெஞ்சு படபடப்பு, மயக்கம் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். பயிற்சி முடிந்து வருகிற குழந்தையிடம் "ஜெயிச்சியா?" என்பதற்குப் பதிலாக "இன்னிக்கு ஆடப் பிடிச்சிருந்ததா?" என்று கேளுங்கள். பல வாரம் தொடர்ந்து "இல்லை" என்று வந்தால் கோச்சிடம் நீங்களே போய்ப் பேசி, சுமையைக் குறையுங்கள்.

பிரீஜாவும் பீனாமோளும் 27, 28 வயதில் எட்டிய இடத்துக்கு நம் குழந்தைகள் எல்லோரும் போக வேண்டும் என்பதில்லை. அந்த வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆசையோடு மைதானத்துக்குப் போகிறவர்களாக இருந்தால் அதுவே நமக்குப் பாக்கியம்.