காற்றுக்குக் கீழே

அண்மையில் தொலைக்காட்சியில் ஒரு விடுதியின் விளம்பரம் பார்த்தேன். கடலோர கோல்ஃப் மைதானமாம். செயற்கைக் குளம், வரிசையாக நட்ட மரங்கள், காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துக் கம்பளமாக வளர்த்த புல். பந்தை வானத்துக்கு அனுப்புகிறார்கள், அது பொத்தென்று விழுந்து விழுந்த இடத்திலேயே நிற்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கடல் பக்கத்தில் இருந்ததே தவிர, அந்த ஆட்டத்துக்கும் கடலுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை.

லிங்க்ஸ், அதாவது கடலோர மணல் நிலத்துக் கோல்ஃப், தரையில் ஆடுகிற ஆட்டம். இன்னொருமுறை சொல்கிறேன், தரையில்.

பருத்தித்துறைக்குக் கிட்ட உள்ள மணற்காட்டுப் பக்கம் போனவர்களுக்கு லிங்க்ஸ் நிலத்தை நான் விளக்கத் தேவையில்லை. வல்லிபுரக் கோயிலுக்கு அப்பால் காற்று அள்ளிக் குவித்த மணல் மேடுகள், இடையிடையே பள்ளம், மணலைப் பிடித்து வைத்திருக்க இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும். ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பழைய மைதானமும் உழவுக்கு உதவாத இப்படியான மணல் நிலந்தான். மேலே ஃபெஸ்கியூ என்ற மெல்லிய புல். ஆடு மேய்ந்தது, முயல் தோண்டியது, காற்று அரித்தது. பிற்காலத்தில் மனிதரும் கைவைத்தார்கள், ஆனால் மேடுபள்ளம் காற்றுடைய வேலை. 1764-இல் அங்கே 22 குழிகளை 18 ஆகக் குறைத்தார்கள். இன்று உலகம் முழுக்க 18 ஆடுவது அதனால்தான்.

மணலில் மழைநீர் நிற்காது. நீர் நிற்காத தரை இறுகிக் கிடக்கும். இறுகிய தரையில் உயரத்திலிருந்து விழுகிற பந்து குதித்து ஓடிவிடும். மேலே இருக்கும்போது காற்று வேறு இழுத்துக்கொண்டு போகும். பருத்தித்துறையில் பிறந்தவனுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாடையா, சோளகமா, கச்சானா என்று பார்க்காமல் முனைப் பக்கத்தில் யாராவது வள்ளம் தள்ளுவார்களா? ஆகவே ஏழாம் நம்பர் அயன் மட்டையை எடுங்கள். பந்தை வலது காலுக்குக் கிட்ட வையுங்கள், கை பந்துக்கு முன்னால் நிற்கட்டும், பாதி வீச்சு போதும். பந்து தாழப் போய், குழி இருக்கிற கிறீனுக்கு 20, 30 யார் முன்னமே விழுந்து, மிச்சத்தை உருண்டு தீர்க்கும். தரையை நம்பி அடிக்கிற அடி அது.

இந்த வித்தையில் எனக்குக் குரு ஒருவர்தான், பீற்றர் தொம்சன். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்த்ததோடு சரி. மெல்பேணில் பிறந்த அவுஸ்திரேலியர். 1954, 1955, 1956 என்று தொடர்ந்து மூன்று தடவை பிரித்தானிய ஓப்பனை வென்றார். இருபதாம் நூற்றாண்டில் வேறொருவரும் அதைச் செய்யவில்லை. 1958-இல் நான்காவது. பெரிய அமெரிக்கர்கள் கடல் தாண்டி வராத காலத்தில் வென்றதில் என்ன பெருமை என்று சிலர் முணுமுணுத்தார்கள். 1965-இல் பாமர், நிக்லஸ், முந்திய வருடச் சம்பியன் லீமா எல்லோரும் ஓப்பன் நடந்த பேர்க்டேலுக்கு வந்தார்கள். தொம்சன் ஐந்தாவது முறையும் வென்றுவிட்டுப் போனார்.

அவர் அடிப்பதில் பார்க்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். முறுக்கல் இல்லை, மூச்சுப் பிடிப்பு இல்லை. மட்டையை எடுப்பார், பந்து தாழப் போகும், எந்த மேட்டின் எந்தப் பக்கம் பட்டு எப்படித் திரும்பும் என்பதை முன்னமே கணக்குப் போட்டிருப்பார். அந்தக் காலத்துப் பிரித்தானியப் பந்து 1.62 அங்குலந்தான், காற்றை அறுத்துக்கொண்டு போகும். 1974-இலிருந்து ஓப்பனில் 1.68 அங்குலப் பந்து கட்டாயமாயிற்று. சின்னப் பந்தோடு பாதி வித்தையும் போய்விட்டது என்பது என் கட்சி. 1964-இல் டில்லியில் நடந்த முதலாவது இந்திய ஓப்பனும் தொம்சனுக்குத்தான். நம் பக்கத்து இளைஞர்களுக்கு அவர் பெயரே தெரியவில்லை.

என் மருமகன் ஒருவன் பிரித்தானியாவில் இருக்கிறான். பந்தைத் தூக்கி அடிக்கிற வெட்ஜ் மட்டை மட்டும் பையில் நான்கு வைத்திருக்கிறான். சீட்டுக் குலுக்கலில் பெயர் விழ, இருவரும் சென் அன்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஆடினோம். வழியெல்லாம் எனக்குப் புத்திமதி: "உதென்ன மாமா, போளை உருட்டுற மாதிரி? ஒருக்காத் தூக்கி அடியுங்கோவன்."

பதினேழாவது குழி. கிறீன் ஒடுக்கமானது, மேடானது. முன்னால் இடப்பக்கம் செங்குத்தான மணற்குழி, பின்னால் தார் றோட்டு, அதற்கப்பால் கல்மதில். 1978 ஓப்பனில் யப்பானியர் நகாஜிமா இரண்டடியில் கிறீனுக்கு வந்து, உருட்டிய பந்து அந்த மணற்குழிக்குள் இறங்க, வெளியேற நான்கு அடி பிடித்து, 9 எழுதிக்கொண்டு போன இடம். மருமகன் தூக்கித்தான் அடித்தான். அழகான அடி. பந்து கிறீனில் பட்டு, ஒரு துள்ளுத் துள்ளி, றோட்டில் போய் இருந்தது. நான் வலப்பக்கச் சரிவால் உருட்டி ஏற்றினேன். எனக்கு 5. அவனுடையதை இங்கே சொல்லவில்லை, அவனும் வானொலி கேட்பான்.

நான் மட்டுமல்ல, அதே மைதானத்தில் 1995 ஓப்பனின் கடைசிக் குழியில் இத்தாலியர் றொக்கா செய்ததும் உருட்டல்தான். கிறீனுக்கு முன்னால் உள்ள பள்ளத்துக்கு வெளியிலிருந்து சின்னதாகத் தூக்க முயன்றார், பந்து பள்ளத்துக்குள்ளேயே வந்து கிடந்தது. பிறகு உருட்டுகிற மட்டையான பற்றரை எடுத்தார். ஏறத்தாழ 65 அடி, ஏற்றம். பந்து ஏறி, வளைந்து, குழிக்குள் போயிற்று. மனிதர் குப்புற விழுந்து தரையைக் குத்தினார். மேலதிக ஆட்டத்தில் அமெரிக்கர் டாலியிடம் தோற்றார், அது வேறு.

எங்கள் நாட்டிலும் ஆட்டம் கடலோரத்தில்தான் தொடங்கியது. 1879-இல் தொடங்கிய கொழும்புக் கழகத்தார் ஆடியது காலிமுகத் திடலில். திடலில் நெரிசல் கூட, 1896-இல் பொரளைப் பக்கம் ரிட்ஜ்வேக்குப் போய்விட்டார்கள். அங்கே ஆடியிருக்கிறேன், களனிவெளி ரயில் நடுவால் போகும், நல்ல மைதானம். கடற்காற்றுத்தான் இல்லை.

அப்படியானால் கடற்காற்றுள்ள மணற்காட்டில் ஒரு மைதானம் போடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அந்த மணலுக்குக் கீழே இருப்பது குடிக்கிற நன்னீர். புல்லுக்கென்று அதை இறைத்தால் கிணறுகள் உவர்க்கும்.

யூலையில் ஓப்பன் வரும். கமெராக்காரர் பந்தை வானத்தில்தான் துரத்துவார். நீங்கள் அது நிலத்தில் விழுந்த பிறகு பாருங்கள். தாழ அடித்து, மேட்டைச் சுற்றி உருட்டி ஏற்றுகிற ஆட்டக்காரர் எவராவது தட்டுப்பட்டால், நான் அவர் பக்கந்தான்.